தீப்பெட்டி சார் வைத்த பெயர்கள்

ஆதார் அட்டையை நீட்டிய பிறகும் என் பெயரை ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதர் இந்தப் பூமியில் தீப்பெட்டி சார்தான். பாங்க் ஒப்புக்கொண்டது. பாஸ்போர்ட் ஆபீஸ் ஒப்புக்கொண்டது. ரேஷன் கடைகூடக் கொஞ்சம் முனகிவிட்டு ஒப்புக்கொண்டது. தீப்பெட்டி சார் மட்டும் அட்டையை வாங்கி, சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்து, முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "இது செல்லாதுங்க" என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

நாங்கள் மந்தைவெளிக்குக் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பன்னிரண்டு வீடுகள் உள்ள நாலு மாடிக் கட்டடம். லிஃப்டுக்காக நின்றுகொண்டிருந்தேன். உயரமாக, ஒல்லியாக, சட்டைப் பையும் பேன்ட் பையும் புடைத்துக்கொண்டு ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார். பெயர் கேட்டார். சேகர் என்றேன். ஏதோ கெட்ட சேதி சொன்ன மாதிரி அவர் முகம் வாடிவிட்டது.

"முதல் மாடியில ஏற்கெனவே ஒரு சேகர் இருக்காரே" என்றார்.

இருக்கட்டுமே சார் என்றேன்.

"அப்படி விட முடியாதுங்க. ஒரே கூட்டத்துல ரெண்டு பேருக்கு ஒரே பேரு இருந்தா, பிந்தி வந்தவர் பேரு செல்லாது. வேற பேரு வைக்கணும். விலங்கியல்ல இது சட்டம்."

நான் விலங்கு இல்லை என்று நிரூபிக்கத்தான் ஆதார் அட்டையை எடுத்தேன். அது எப்படித் திரும்பி வந்தது என்பதைச் சொல்லிவிட்டேன். மறுநாள் காலை பால் பாக்கெட்டோடு கதவிடுக்கில் ஒரு சீட்டு கிடந்தது. முத்து முத்தான கையெழுத்து. "சேகர், இரண்டாம் மாடி: செல்லாது. மாற்றுப் பெயர்: மனோகர்." மேலே போய், ஏன் சார் மனோகர் என்று கேட்டேன். இந்தக் கட்டடத்தில் அந்தப் பெயரில் யாரும் இல்லை, அதைவிட என்ன தகுதி வேண்டும் என்றார்.

வயதானவர், ஏதோ விளையாடுகிறார் என்று விட்டுவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. ஒரு மாதத்துக்குள் கட்டடம் முழுக்க மனோகர் பரவிவிட்டான். வாட்ச்மேன் ஏழுமலை நொச்சிக்குப்பத்துக்காரர், நெஞ்சில் பட்டதைப் பேசுகிறவர். "மனோகர் சார், உனுக்கு ஒரு பார்சல் வந்துகீது. சேகர்னு எவனோ தப்பா எய்திக்கிறான்" என்றார். அது என் பெயர்தான் என்று சொல்லிப் பார்த்தேன். "அவுரு காலேஜ்ல வாத்தியாரா இருந்தவரு சார். அவுருக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு பீடியைத் தேடப் போய்விட்டார். என் மனைவி இன்னும் மோசம். சேகர் செய்யாத வேலைகளை மனோகர் செய்கிறாரா பார்க்கலாம் என்று சொல்லி, தண்ணீர் கேனை மாடிக்குத் தூக்கவும் ஒட்டடை அடிக்கவும் மனோகரைத்தான் கூப்பிட ஆரம்பித்தாள்.

சாருடைய விஷயத்தை இப்போது சொல்லிவிடுகிறேன். ஒரு கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஆராய்ச்சி தேனீக்களைப் பற்றி. பூவில் உட்கார்ந்திருக்கும் தேனீயாக இருந்தால் யாருக்கும் புரிந்திருக்கும். இவருடைய தேனீக்கள் ஒன்றரைக் கோடி, இரண்டு கோடி வருஷங்களுக்கு முன்னால் ஏதோ ஒரு ஏரியில் விழுந்து, சேற்றில் புதைந்து, சேறு கல்லாகி, அந்தக் கல்லில் ஒரு பழுப்பு நிழலாக மிஞ்சியவை. அந்த நிழலை லென்ஸ் வைத்துப் பார்த்து, இது எந்த இனம், இதற்கு முன்பே பெயர் இருக்கிறதா, இல்லையென்றால் என்ன பெயர் வைக்கலாம் என்று முடிவு செய்வதுதான் அவருக்கு வேலை. இந்த வேலைக்கு உலகம் முழுவதும் ஒரே சட்டப் புத்தகம் உண்டாம். முதலில் யார் வைத்த பெயரோ அதுதான் நிற்கும். ஒரு பெயருக்கு ஒரு சாட்சி உடல் இருக்க வேண்டும், அதற்கு 'டைப்' என்று பேர். சந்தேகம் வந்தால் அதோடு ஒப்பிட்டுத்தான் தீர்க்க வேண்டும். தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது அநாகரிகம். இந்தச் சட்டமெல்லாம் செத்த பூச்சிகளுக்கு மட்டும்தான் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்டிருக்க மாட்டார்.

மயிலாப்பூர்க் குளத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் ஒரு மெஸ். காலையில் மெதுவடை பிரமாதமாக இருக்கும். ஒருநாள் வடையைப் பாதி வாயில் வைத்தவர் அப்படியே நிறுத்தி, இன்னொன்று பார்சல் வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்புச் சூட்டில் காய வைத்து, பிஸ்கட் டப்பாவில் போட்டு, தேதி எழுதி ஒட்டி அலமாரியில் வைத்துவிட்டார். அதுதான் மயிலாப்பூர் மெதுவடைக்கு டைப். நாலு வருஷம் கழித்து மெஸ்ஸில் மாஸ்டர் மாறினார். வடை தட்டையாகி, ஓட்டை சிறுத்துவிட்டது. எல்லோரும் வீட்டில் புலம்பினோம். சார் டப்பாவோடு போய், இலையில் புது வடைக்குப் பக்கத்தில் பழைய வடையை எடுத்து வைத்தார்.

கூட இருந்த பாவத்துக்குச் சாட்சி சொல்கிறேன். பக்கத்து மேஜையில் இரண்டு பேர் எழுந்து கை கழுவப் போய்விட்டார்கள். மானேஜர் ஓடி வந்து, இது எப்போது போட்டது என்று கேட்டார். நாலு வருஷம் என்றார் சார், பெருமையாக. சத்தம் கேட்டு உள்ளேயிருந்து புது மாஸ்டர் வந்தார். பழைய வடையைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். ஓட்டைக்குள் சுண்டு விரலை விட்டு அளந்தார். "இது எங்க அண்ணன் கை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மறுநாளிலிருந்து வடை சரியாகிவிட்டது. அன்றிலிருந்து அந்தச் சட்டப் புத்தகத்தின் மேல் எனக்கே கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது.

அவர் பையிலும் வீட்டிலும் எப்போதும் காலித் தீப்பெட்டிகள். செத்த பூச்சி எங்கே கிடந்தாலும் அதில் பஞ்சு வைத்துப் படுக்கப் போட்டுவிடுவார். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். ஊருக்கே பெயர் திருத்துகிறவர், தனக்கு ஊர் வைத்ததைக் கோபிக்கவில்லை. அது நாட்டு வழக்குப் பெயர், அதற்குச் சட்டம் கிடையாது என்று விட்டுவிட்டார்.

அந்தக் கட்டடத்தில் கடைசிவரை என்னை சேகர் என்றே கூப்பிட்ட ஒரு ஆத்மா, அவருடைய அக்கா பிலோமினா டீச்சர். தம்பி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்காவும் செய்துகொள்ளவில்லை. சாந்தோம் பக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பம், வீட்டுக்கு இரண்டு வாத்தியார். டீச்சர் முப்பத்தைந்து வருஷம் கணக்குப் பாடம் நடத்தியவர். ஆறடிக்கு அரை அடி குறைவு. மூன்றாம் மாடியில் அவர் தொண்டையைச் செருமினால் தரைத்தளத்தில் ஏழுமலை பீடியை அணைப்பார்.

"பெத்தவங்க வெச்ச பேர மாத்த இவன் யாரு? நீ சேகர்தாம்ப்பா" என்று முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் நொச்சிக்குப்பம் ரோட்டோரம் பேரம் பேசி வஞ்சிர மீன் வாங்கி வருவார். ஃப்ரீசரில் வஞ்சிரம் ஒரு தட்டு, தம்பியின் செத்த பூச்சிகள் ஒரு தட்டு. நடுவில் ஒரு ஸ்கேலை வைத்து எல்லை போட்டிருந்தார். எல்லை தாண்டிய பூச்சி குப்பைக்குப் போகும். தாண்டியதாகச் சரித்திரம் இல்லை.

அவர்கள் வீட்டு ஹாலில், சிலுவைக்கு வலது பக்கம், ஒரு ஃப்ரேம் மாட்டியிருந்தது. உள்ளே பத்திரிகைப் பக்கம் ஒன்று. தேனீயின் கல் நிழல், அதன் கீழே சாய்ந்த எழுத்தில் 'ஏபிஸ் பிலோமினே'. சார் வாழ்நாளில் ஒரே முறை ஆறு மாதம் வெளிநாட்டு மியூசியத்துக்குப் போயிருக்கிறார். அங்கே ஒரு டிராயரில், யாரும் பெயர் வைக்காமல் கிடந்த ஒரு கல். முன் இறக்கையில் ஒரு நரம்பு. இன்னொரு நரம்பு வந்து முட்டி அதை இரண்டு துண்டாக்குகிறது. பெரிய துண்டைச் சின்னத் துண்டால் வகுத்தால் ஒரு எண் வரும். அதே ஏரியில் கிடைத்து, முன்பே பெயர் வைத்த கல்லில் இருந்த எண் வேறு, இதில் வந்த எண் வேறு. ஆகவே தனி இனம். ஒரு தேனீக்கு அவர் வாழ்நாளில் வைத்த ஒரே பெயர். அதை அக்காவுக்கு வைத்தார்.

முதலில் டீச்சர் வாங்கு வாங்கென்று வாங்கினாராம். ஒரு பூச்சிக்குப் போயா என் பெயர், அதுவும் செத்த பூச்சிக்கு, அதுவும் கல்லாய்ப் போன பூச்சிக்கு என்று மூன்று நாள் பேசவில்லையாம். நாலாம் நாள் அவரே போய் ஃப்ரேம் போட்டுக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் எல்லோருக்கும் கேக் கொடுத்தார். வீட்டுக்கு யார் வந்தாலும், கேபிள்காரர் வந்தாலும், "அந்தக் கண்ணாடிகிட்ட இடிச்சுக்காதப்பா" என்பார். கேபிள்காரர் இடிக்கிற தூரத்தில்கூட இருக்க மாட்டார். அது என்னம்மா என்று கேட்டாக வேண்டும், அதற்குத்தான்.

அந்த ஃப்ரேமுக்கு ஆபத்து வந்தது போன வருஷத்துக்கு முந்தின வருஷம். வெளிநாட்டில் யாரோ ஒருவர் எழுதிய கட்டுரையில் ஒரே ஒரு வரி: இந்த பிலோமினே உண்மையில் தனி இனம்தானா என்பது சந்தேகம், ஒரே கூட்டின் தேனீக்களுக்குள்ளேயே இந்த அளவு வித்தியாசம் இருக்கக்கூடும். அதைப் படித்த நாளிலிருந்து சார் சரியாகச் சாப்பிடவில்லை. வடை தின்னக்கூட வரவில்லை.

அடுத்த மாதமே கூப்பிட்டு அனுப்பிய மாதிரி எங்கள் கட்டடத்துக்குத் தேனீக்கள் வந்தன. மலைத்தேனீ. நாலாம் மாடிக்கு மேலே, தண்ணீர்த் தொட்டியின் அடிப்பக்கம், முறம் அகலத்துக்கு ஒரே அடை. விளக்கு வைக்கிற நேரத்தில் பால்கனி ட்யூப்லைட்டுக்கு வந்து மோதும். காலையில் தரையில் நாலைந்து செத்துக் கிடக்கும். மூன்றாம் நாள் முதல் மாடி சேகருக்கு, அதாவது செல்லுபடியாகும் சேகருக்கு, புருவத்தில் கொட்டிவிட்டது. நான் அப்போது அசோசியேஷன் செக்ரட்டரி. அவசரக் கூட்டம் போடச் சொன்னார்.

கூட்டம் மொட்டை மாடியில் நடப்பது வழக்கம். அன்று தேனீக்குப் பயந்து கார் பார்க்கிங்கில் நடந்தது. மூத்த சேகர் ஒற்றைக் கண்ணோடு எழுந்தார். "நேக்கு கண்ணே தொறக்கலை. ஆத்துல ஜன்னல் தொறந்து மூணு நாளாச்சு. இத வெச்சுண்டு இன்னும் என்ன யோசனை? ஆளக் கூட்டிண்டு வந்து புகை போடுங்கோ" என்றார். நியாயமான பேச்சு. எனக்கே அதுதான் சரியென்று பட்டது.

சார் எழுந்தார். மலைத்தேனீ எங்கும் நிலையாகத் தங்காது, தூங்குமூஞ்சி மரங்களில் பூ முடிந்தால் தானே போய்விடும், இரண்டு மாதம் பொறுங்கள் என்று கெஞ்சினார். ஏன் என்று கேட்டார்கள். அக்கா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்ததால் அவர் காரணம் சொல்லவில்லை. கூட்டத்துக்கு முன்னால் என்னைத் தனியாக அழைத்து அதைச் சொல்லியிருந்தார். ஒரே கூட்டில் பிறந்த இத்தனை தேனீயையும் அளந்து, அக்கா தங்கைகளுக்குள் அவ்வளவு வித்தியாசம் இல்லை என்று காட்டிவிட்டால், அந்த வெளிநாட்டுக்காரர் வாயை மூடிவிடலாம். "அக்கா பேரு இந்த அடையிலதாங்க தொங்குது, மனோகர்" என்றார்.

ஓட்டெடுத்தோம். ஆறுக்கு ஆறு. சமமாக வந்தால் செக்ரட்டரிக்கு இன்னொரு ஓட்டு உண்டு. நான் தேனீ பக்கம் போட்டேன். உடனே மூத்த சேகர் மினிட்ஸ் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். இரண்டு வருஷமாகப் பழக்க தோஷத்தில் அதில் 'செயலாளர்: மனோகர்' என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அப்படி ஒருத்தர் பெயரில் இங்கே வீடே இல்லை, ஆகவே ஓட்டு செல்லாது என்றார். அவர் ரிட்டயர்டு ஆடிட்டர்.

எல்லோரும் சாரைப் பார்த்தோம். மனோகரை உண்டாக்கியவர் அவர். அவர் என்னைப் பார்த்தார், மேலே தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். லென்ஸை எடுத்துத் துடைத்தார். கடைசியில், "சட்டத்துல விதிவிலக்கு உண்டு. ரொம்ப அபூர்வமா, பொது நன்மைக்காக, செல்லாத பேரையும் ஏத்துக்கலாம். இந்த ஒரு தீர்மானத்துக்கு மட்டும் இவர் சேகர்" என்றார்.

அந்தக் கட்டடத்தில் என் பெயர் செல்லுபடியானது அந்த ஒரு நிமிஷம்தான். அது அவருக்கு எத்தனை கஷ்டமான காரியம் என்பது எனக்குத் தெரியும்.

மறுநாளே வீட்டுக்கு வீடு தீப்பெட்டி வந்தது. பால்கனியில் கிடக்கும் தேனீயை எடுத்து உள்ளே வைத்து, மேலே சீட்டில் இடம், தேதி, எடுத்தவர் பெயர் எழுத வேண்டும். பன்னிரண்டு வீடும் எழுதியது. தண்ணீர் வரியைச் சேர்ந்து கட்டத் தெரியாத கட்டடம், செத்த தேனீயைப் போட்டி போட்டுக்கொண்டு பொறுக்கியது. தோற்ற மூத்த சேகர்கூட, புருவ வீக்கம் வடிந்ததும், தினமும் மூன்று பெட்டி அனுப்பினார். ஏழுமலை டார்ச் லைட்டோடு சுற்றிப் பொறுக்கி, "சார், இது அப்பளம் மாறி நசுங்கிக்கீது, ஆவுமா?" என்று கேட்பார். றெக்கை முழுசாக இருந்தால் ஆகும். நானும் எடுத்தேன். 'இரண்டாம் மாடி பால்கனி, எடுத்தவர்: மனோகர்.' என் கையாலேயே எழுதினேன், வெட்கமில்லாமல்.

சார் இறக்கையைப் பிரித்து, கண்ணாடித் துண்டில் ஒட்டி, அளந்து சொல்வார். அக்கா வகுத்துக் குறித்துக்கொள்வார். வாழ்நாள் முழுக்க அவருடைய கணக்கெல்லாம் அக்கா போட்டதுதான். பெருக்கல் வகுத்தலைத் தொட்டால் அவருக்கு வியர்த்துவிடும். கடைசியில் எல்லா எண்ணையும், அந்த இரண்டு கல்லின் எண்ணோடு சேர்த்து, கிராஃப் தாளில் புள்ளியாக வைத்துத் தரச் சொன்னார். டீச்சர் சிவப்புப் பேனாவில் வைத்துக் கொடுத்தார். தேனீக்களும் சொன்ன சொல் தவறாமல் ஒருநாள் காலை பதினோரு மணிக்குக் கூட்டமாக எழும்பிப் போய்விட்டன.

அடுத்த வாரம் ஒருநாள் மத்தியானம் சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்ததும் காபி கேட்கிறவர், கேட்கவில்லை. கிராஃப் தாளை என் மேஜையில் விரித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. விரலை வைத்துக் காட்டினார். பழைய பெயருள்ள கல்லுக்கும் அக்கா பெயருள்ள கல்லுக்கும் இருந்த இடைவெளி ஒரு விரல் அகலம். எங்கள் தண்ணீர்த் தொட்டியில் ஒரே ராணிக்குப் பிறந்த தேனீக்களின் புள்ளிகள் ஒரு சாணுக்குச் சிதறிக் கிடந்தன.

"அந்த வெளிநாட்டான் சொன்னது சரிதாங்க" என்றார். "ரெண்டு கல்லுல இருக்கிறதும் ஒரே இனம். பிலோமினேன்னு தனியா ஒண்ணு கிடையாது."

நான் செக்ரட்டரி மூளையோடு யோசித்தேன். இந்தத் தேனீயை அளந்தது உலகத்திலேயே நாம் மட்டும்தான், தாளைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வருத்தமாகப் பார்த்தார்.

"எனக்கு முன்னாடி ஒருத்தர், எந்தக் காலத்துலயோ, இதே மாதிரி லென்ஸை வெச்சுக்கிட்டு உட்கார்ந்து அந்தத் தேனீக்குப் பேரு வெச்சிருக்கார். நான் அவர் குடுத்ததைப் பிடுங்கி எங்க அக்காவுக்குக் குடுத்திருக்கேன், மனோகர். தெரியாம செஞ்சேன். இப்பத் தெரிஞ்சுபோச்சே."

பெயரைத் தானே ரத்து செய்து எழுதிவிடுவதாகச் சொன்னார். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அக்காவிடம் சொல்வதுதான் முடியவில்லை. அசோசியேஷன் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடலாமா என்று என்னிடம் கேட்டார். நிஜமாகவே கேட்டார். துரத்திவிட்டேன்.

அதற்கப்புறம் மூன்று வாரம் அந்த வீட்டில் ஒரு நாடகம். கண்ணாடி துடைக்க வேண்டும் என்று சார் ஃப்ரேமைக் கழற்றி வைப்பார். துடைத்தாயிற்றே என்று அக்கா மாட்டுவார். ஆணி ஆடுகிறது என்று மறுபடி கழற்றுவார். அக்கா சுத்தியலை எடுத்து ஆணியை இறுக்குவார். பதினைந்து கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சூரியனைப் பற்றிக்கூட யோசிக்காமல் பேசுகிற மனிதருக்கு, பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கும் அக்காவிடம் ஒரு வாக்கியம் வரவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

டீச்சர் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். சார் சிலுவைக்கு நேரே போய் நின்று, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போலக் கையைக் கட்டிக்கொண்டு, "அக்கா, அந்த ரெண்டு கல்லும்..." என்று ஆரம்பித்தார். மேலே வரவில்லை. கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். டீச்சர் கையில் கத்தி இருந்ததும் ஒரு காரணம்.

டீச்சர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "அந்த கிராஃபை வெச்சது யாரு? நான்தானே. எந்தப் புள்ளி எதுக்குள்ள விழுதுன்னு கணக்கு டீச்சருக்குத் தெரியாதா? அன்னிக்கே தெரியும்டா எனக்கு."

"அப்புறம் ஏங்க்கா சொல்லல?"

"நீ சொல்றியா இல்லையான்னு பாத்தேன். மூணு வாரம் ஆச்சு உனக்கு."

மீனைக் கழுவி மஞ்சள் தடவி வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஃப்ரேமுக்குக் கீழே நின்றார். அதுவரை கேட்காத ஒரு மெல்லிய குரலில், ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அப்போ என் பேர அழிச்சிடுவாங்களா?"

சார் அப்படியே நிமிர்ந்துவிட்டார். சட்டம் தெரிந்த இடம் வந்துவிட்டதே. "அழிக்கவே முடியாதுக்கா. அச்சுல வந்த பேரை யாராலயும் அழிக்க முடியாது. பழைய பேரு மேல இருக்கும். அதுக்குக் கீழே, கொஞ்சம் உள்ளே தள்ளி, உன் பேரு இருக்கும். அந்தத் தேனீயைப் பத்தி எவன் பட்டியல் போட்டாலும் உன் பேரையும் எழுதியே ஆகணும். இனி வேற எந்தத் தேனீக்கும் அந்தப் பேரை வைக்கக் கூடாது. அது உனக்கு மட்டும்தான்."

டீச்சர் கொஞ்ச நேரம் யோசித்தார். வகுப்பில் ஒரு பையன் விடையைத் தப்பாகப் போட்டு, வழியைச் சரியாகப் போட்டிருந்தால் யோசிப்பார்களே, அப்படி. "சரி, எழுதி அனுப்பு. நல்லா எழுது" என்றார். ஃப்ரேமைக் கழற்றவில்லை. எனக்கும் சேர்த்து வஞ்சிரம் வறுத்தார்.

ஒரு வருஷம் கழித்து அந்தக் கட்டுரை அச்சில் வந்தது. பழைய பெயர் தடித்த எழுத்தில். கீழே உள்ளே தள்ளி, பிலோமினே. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில், கணக்கிட்டு உதவிய தன் அக்காவுக்கும், செத்த தேனீக்களைச் சேர்த்துக் கொடுத்த மந்தைவெளி நண்பர்கள் ஏழுமலை, சேகர், மனோகர் ஆகியோருக்கும் என்று போட்டிருந்தது. அந்த சேகர் நான் இல்லை. ஆபீஸில் எல்லோரிடமும் காட்டினேன், இதில் மனோகர் நான்தான் என்று. யாரும் நம்பவில்லை.

இதற்குள் மூத்த சேகர் மகளோடு இருக்க அமெரிக்கா போய்விட்டார். இனி என் பெயரைத் திருப்பித் தரலாமே என்று சாரிடம் மனு போட்டேன். ஒருமுறை செல்லாது என்று ஆகிவிட்டால், முந்தியவர் இடத்தைக் காலி செய்தாலும் செல்லாதுதான் என்று தீர்ப்பு வந்தது. பிறகு எங்கள் கட்டடத்தை இடித்துக் கட்டப் போவதாகச் சொன்னார்கள். அக்காவும் தம்பியும் கொட்டிவாக்கத்தில் ஒரு தரைத்தள வீட்டுக்குப் போனார்கள். நாங்கள் அசோக் நகர் வந்தோம். இங்கே இருபத்து நாலு வீட்டில் வேறு சேகரே கிடையாது. பெயர் முழுசாக எனக்கே கிடைத்துவிட்டது. என்னவோ, பாதிதான் கிடைத்த மாதிரி இருக்கிறது. பால்கனியில் தேனீ செத்துக் கிடந்தால் பெருக்கித் தள்ள மனசு வரவில்லை. தீப்பெட்டி ஏழு சேர்ந்துவிட்டது.

போன வெள்ளிக்கிழமை கொட்டிவாக்கத்திலிருந்து போன். சார் என்று நினைத்து எடுத்தேன். பிலோமினா டீச்சர்.

"மனோகர், ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட வந்துடு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீங்களுமா டீச்சர், நான் சேகர்தானே என்றேன்.

"அதான் அச்சுல வந்துடுச்சே. இனிமே மாத்த முடியாதுப்பா. அவன் ஒரு வாரமா மனோகர் வரட்டும், மனோகர் வரட்டும்னு தீப்பெட்டியெல்லாம் அடுக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்."

ஞாயிற்றுக்கிழமை மனோகர் போகிறான், ஏழு தீப்பெட்டியோடு. சேகர் வேண்டுமானால் வீட்டைப் பார்த்துக்கொள்ளட்டும்.